ஏரிக்கரைக்கு மூலப்பத்திரம் யாரிடம்?

ஆதாரம் எங்கே என்று கேட்பதில்தான் பகுத்தறிவு தொடங்குகிறது. சாமியாடியிடம் கேட்டோம். கையில் விபூதி வரவழைத்தவரிடம் கேட்டோம். பிறப்பிலேயே நான் உயர்ந்தவன் என்றவரிடம் கேட்டோம். சுயமரியாதை இயக்கம் தமிழ்நாட்டுத் தெருக்களில் இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கி நூறு ஆண்டு ஆகிவிட்டது. இன்று அதே கேள்வியை வட்டாட்சியர் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் கேட்கிறார். இந்தப் பக்கம் நிற்பவர் இருளர். "நீ இங்கதான் இருந்தேங்கிறதுக்கு என்ன ஆதாரம்?" கேள்வியில் குற்றமில்லை. கேட்கப்பட வேண்டியவர்தான் மாறிப்போயிருக்கிறார்.

இதைச் சொன்னால் நம் பக்கத்து ஆட்களே முகம் சுளிப்பார்கள். சட்டம், ஆவணம், நீதிமன்றம் எல்லாம் மூடநம்பிக்கைக்கு எதிரான நவீன ஏற்பாடுகள் அல்லவா என்பார்கள். ஒரு தாளை எவர் எழுதினார், எந்த அதிகாரத்தில் எழுதினார், அதில் யாருடைய பெயர் ஏன் விடுபட்டது என்று கேட்காமல் முத்திரையைக் கண்டதும் வணங்குவதை நான் நவீனம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகிற வழியில் இருக்கிறது முகையூர். ஒன்றியத் தலைமையிடம். தெற்கே தென்பெண்ணை. மானாவாரியில் மல்லாட்டை, கிணறு இருந்தால் கரும்பு, வரப்பு நெடுகப் பனை. இந்தப் பக்கத்து ஊர்களில் ஊர் என்று ஒன்று இருக்கும், அதற்கு வெளியே காலனி இருக்கும். காலனியையும் தாண்டி ஏரிக்கரைச் சரிவிலோ ஓடை ஓரத்திலோ, தார்ப்பாய் போர்த்திய நாலைந்து வீடுகள் தெரியும். அவை இருளர் வீடுகள். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டில் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மாநிலப் பழங்குடிகளில் மலையாளிகளுக்கு அடுத்த பெரிய கூட்டம். மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று ஒன்றிய அரசே தமிழ்நாட்டில் அடையாளம் கண்ட ஆறு சமூகங்களில் ஒன்று.

நெல் அறுத்த வயலில் அவர்கள் எலி பிடிப்பதைப் பார்த்தவருக்கு ஒன்று புரியும். அடியில் துளை போட்ட பானைக்குள் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, பானையின் வாயை வளையோடு சேர்த்து மண் அணைத்து, துளை வழியாக ஊதுவார்கள். புகை வளைக்குள் இறங்கும். அதற்கு முன்பே அந்த வளைக்கு வேறு வாசல்கள் எங்கெங்கே என்று பார்த்து அடைத்திருப்பார்கள். பிறகு தோண்டி, எலியோடு சேர்த்து அது இழுத்துப் பதுக்கிய நெற்கதிரையும் எடுப்பார்கள். எந்த மண் பொலபொலப்பு, எந்த வரப்பில் பாம்பு தங்கும், எந்த மடுவில் கோடையிலும் நத்தை கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தலைமுறைப் பாடம். பட்டாதாரருக்குத் தன் வயலைப் பற்றி இவ்வளவு தெரியாது. ஆனால் இந்த அறிவுக்கு அ-பதிவேட்டில் பத்தி கிடையாது. சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை, பெயர், குறிப்பு என்று போகிறது அது. ஏரிக்கரை வரிசையில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'ஏரி' என்றோ 'சர்க்கார் புறம்போக்கு' என்றோ இருக்கும்.

"எத்தன வருசமா இருக்கீங்க?"

"எங்க பாட்டன் காலத்துலேர்ந்து இங்கதான் சாமி."

"அதுக்கு என்ன ரெக்கார்டு?"

ரெக்கார்டு கேட்கிறார்கள். மூன்று சென்ட் இலவச வீட்டுமனைப் பட்டாவுக்கு மனு கொடுத்தால், பழங்குடி என்ற சாதிச் சான்று வேண்டும். அந்தச் சான்றைத் தரும் அதிகாரம் 1989இல் தாசில்தாரிடமிருந்து கோட்டாட்சியருக்குப் போனது. அங்கே போனால், அப்பாவுக்கு, அண்ணனுக்கு வாங்கிய சான்று உண்டா என்பார்கள். அவர்கள் பள்ளிக்கூடத்தையே பார்க்காதவர்கள். சரி, நேரில் விசாரிக்கிறோம் என்று ஆள் வரும். வரும் நாளில் வீடு பூட்டிக்கிடக்கும். செங்கல் சூளைக்காரரிடமோ கரும்பு மேஸ்திரியிடமோ வாங்கிய முன்பணத்துக்குக் குடும்பமே வெளியூர் போயிருக்கும். கொத்தடிமை முறையை ஒழித்த சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் மீட்கப்படுகிறவர்கள் பட்டியலில் இருளர் பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. "மனுதாரர் மேற்படி முகவரியில் வசிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினால் கோப்பு முடிந்தது. ஊரில் நிலம் இல்லாததால் சூளைக்குப் போனார். சூளைக்குப் போனதால் ஊரில் நிலம் இல்லை என்கிறது அரசு.

திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் 1996இல் தொடங்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இந்தச் சுழலுக்குள்தான் இத்தனை ஆண்டாக வேலை செய்துகொண்டிருக்கிறது. சாதிச் சான்று, மனைப்பட்டா, பொய்வழக்கு, காவல்நிலைய அடி என்று அவர்கள் எடுத்த வழக்குகளில் பலவும் ஒரே இடத்தில் வந்து முட்டும். இவர்கள் இந்த மண்ணில் இருந்தார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதியும் வைத்திருக்கிறார்கள் என்பதுதான் இதில் கொடுமை. பல வீடுகளில் தகரப் பெட்டிக்குள் மடித்த ஒரு தாள் கிடைக்கும். அதை பி-மெமோ என்பார்கள். அரசு நிலத்தில் அத்துமீறிக் குடியிருப்பதற்கு விதித்த அபராதம், சர்வே எண், பரப்பு, பசலி ஆண்டு எல்லாம் அரசு ஊழியர் கைப்பட எழுதியது. இன்ன ஆண்டில் இன்னார் இந்த இடத்தில் இருந்தார் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் வேறென்ன வேண்டும்? வேறொரு வழக்கில் இதே கையெழுத்து நிரூபணம் ஆகும். இவர் கையில் இருக்கும்போது இது குற்றப் பத்திரிகை.

சரி, இப்போது கேள்வியைத் திருப்புவோம். இந்த ஏரிக்கரை அரசினுடையது என்பதற்கு என்ன ஆதாரம்?

கிரயம் வாங்குகிற எவரும் மூலப்பத்திரம் கேட்பார். விற்பவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று பின்னால் போவார். முகையூர் இருந்த பழைய தென்னார்க்காட்டு மாவட்டத்துக்கும் அப்படிப் போய்ப் பார்க்கலாம். 1801 ஜூலை நடுவில் ஆற்காட்டு நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். அன்று கர்நாடகம் எனப்பட்ட இந்தப் பகுதியின் ஆட்சி முழுவதையும் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தை அவருடைய மகன் அலி உசேன் முன்னால் நீட்டினார்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தார். கம்பெனி அதற்காகத் திரும்பிப் போய்விடவில்லை. கையெழுத்துப் போடச் சம்மதித்த அசீம்-உத்-தவுலாவை நவாப் ஆக்கியது. வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்கு, நாடும் நிர்வாகமும் கம்பெனிக்கு என்று ஜூலை 31 அன்று அவர் ஒப்பமிட்டார். விழுப்புரமும் திண்டிவனமும் முகையூரும் இன்று அரசு நிலம், பட்டா நிலம் என்று பிரிந்து கிடப்பதன் மூலப்பத்திரம் இந்தத் தாள்தான். வாரிசு மறுத்த ஒப்பந்தம், ஆளை மாற்றி வாங்கிய கையெழுத்து. அந்தக் கையெழுத்தைப் போட்டவருக்கும் ஏரிக்கரை இருளருக்கும் என்ன சம்பந்தம்? அவர்கள் யாரும் அவரிடம் நிலத்தைக் கொடுக்கவில்லை. தன்னுடையது அல்லாததை ஒருவர் விற்றால் அந்தக் கிரயம் செல்லாது என்று நம்மூர்ப் பத்திர எழுத்தர்கூடச் சொல்வார்.

நூறாண்டு கழித்து இன்னொரு தாள். 1905ஆம் ஆண்டு சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம். சாலை, ஆறு, ஓடை, ஏரி, இன்னும் தனியார் சொத்து என்று காட்ட முடியாத நிலமெல்லாம் எங்கே இருந்தாலும் அரசின் சொத்து என்று அது அறிவித்தது. யாரிடமும் வாங்கவில்லை, யாருக்கும் விலை கொடுக்கவில்லை. அறிவித்தார்கள், அவ்வளவுதான். காகிதம் இல்லாதவனின் இடமெல்லாம் எனக்கு என்று காகிதம் எழுதத் தெரிந்தவர் சொன்னார். சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, அந்த அறிவிப்பு அப்படியே நிற்கிறது. ஆக்கிரமிப்பாளர் என்ற பட்டம் மட்டும் அதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவருக்கு வந்தது.

காலாவதிச் சட்டம் என்று ஒன்றும் இருக்கிறது. தனியார் நிலத்தில் 12 ஆண்டு, அரசு நிலத்தில் 30 ஆண்டு எதிரிடையாக அனுபவித்திருந்தால் பாத்தியம் கோரலாம் என்கிறது. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் யார்? வேலி போட்டு, மின் இணைப்பு வாங்கி, வரி ரசீதை அடுக்கி வைத்து, வழக்கறிஞர் வைக்க முடிந்தவர்கள். தார்ப்பாய் வீட்டுக்காரர் இந்த வாதத்தை எடுத்தால், நீர்நிலைப் புறம்போக்கில் எத்தனை ஆண்டு இருந்தாலும் உரிமை வராது என்ற பதில்தான் கிடைக்கும்.

காகிதம் இல்லாதவருக்கு நிலம் சொந்தமாக முடியாது என்பதுதான் நமது சட்டத்தின் கொள்கை என்றால், அதையாவது ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா? இந்து அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு என்பது துறையே சொல்லும் கணக்கு. அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர் சாமி. கோயில் விக்கிரகம் சட்டப்படி ஓர் ஆள், சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம் என்று 1925இல் லண்டன் பிரிவி கவுன்சில் உறுதிசெய்தது. இன்றும் அதுதான் சட்டம். சாமி தாசில்தார் முன்னால் வந்து நிற்பதில்லை. அது மைனர், அதற்காக மற்றவர் பேசலாம். ஆதாரமாகக் கல்வெட்டைக் காட்டலாம். கல்லுக்கு ஆள் என்ற தகுதியைக் கொடுத்து, அதன் சொத்தைக் காக்க ஒரு துறையையே வைத்திருக்கிற ஏற்பாட்டில், உயிரோடு நிற்கும் மனிதர் நான் இங்கே பிறந்தேன் என்று சொன்னால் நம்ப ஆள் இல்லை. கடவுள் இல்லை என்று சொல்லிவந்த நாம் இதைப் பற்றி எத்தனை கூட்டம் போட்டிருக்கிறோம்?

அந்தக் கல்வெட்டுகளிலேயே ஒரு வாசகம் வரும். சோழர் காலத்தில் ஓர் ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது அதன் எல்லைக்குள் உடும்பு ஓடிய, ஆமை தவழ்ந்த நிலம் எல்லாமும் சேர்த்துக் கொடுத்தோம் என்பார்கள். உழாத நிலம், புதர், ஓடை, ஏரி உட்பட என்று பொருள். உடும்பு கல்லில் ஏறிவிட்டது. அந்தப் புதர்க்காட்டில் உடும்பு பிடித்துப் பிழைத்தவர் பெயர் ஏறவில்லை. தானம் கொடுத்தவரும் அவரைக் கேட்கவில்லை, வாங்கியவரும் கேட்கவில்லை. கம்பெனிக்காரன் வந்து செய்ததற்கு முன்மாதிரி இங்கேயே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பாதி உண்மை பேசியதாகத்தான் ஆகும்.

இந்தக் கணக்கு உலகில் வேறு இடங்களில் நீதிமன்றம் ஏறியிருக்கிறது. ஆஸ்திரேலியாவை வெள்ளையர் எந்த ஒப்பந்தமும் இல்லாமல் எடுத்துக்கொண்டார்கள். உரிமையாளர் என்று எவரும் இல்லாத நிலம் என்பது அவர்களுடைய சட்டக் கதை. மர்ரே தீவுக்காரர் எடி மாபோவும் மற்றவர்களும் 1982இல் வழக்குப் போட்டார்கள். எங்கள் தோட்டங்களுக்கு எல்லை உண்டு, தாத்தா அப்பாவுக்கும் அப்பா எனக்கும் காட்டிய எல்லை என்பது அவர்களுடைய சாட்சியம். மாலோ என்ற தங்கள் தெய்வத்தின் கட்டளையால் அந்த எல்லைகளை யாரும் மீறுவதில்லை என்றும் சொன்னார்கள். மாலோ இருக்கிறாரா என்று நீதிமன்றம் ஆராயவில்லை. அந்தக் கட்டளைப்படி அந்த மக்கள் ஒழுங்காக வாழ்ந்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டது. 1992 ஜூன் 3 அன்று, ஆளில்லா நிலம் என்ற கதையை ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் நீதிபதிகள் தள்ளிவிட்டார்கள். மாபோ அந்த ஆண்டு ஜனவரியிலேயே இறந்துபோயிருந்தார்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பகுதி நிலத்துக்கு ஒப்பந்தமே கிடையாது. கிட்க்சான், வெட்சுவெட்டன் மக்கள் தங்கள் நிலத்துக்காக வழக்காடினார்கள். விசாரணை 374 நாள் நடந்தது. ஒரு மூதாட்டி தன் குடியின் வரலாற்றைப் பாட்டாகச் சொல்ல எழுந்தபோது, பாட்டெல்லாம் தன் காதில் ஏறாது என்றார் விசாரணை நீதிபதி. 1991இல் கோரிக்கையையும் தள்ளினார். 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துசெய்து, வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணத்துக்குச் சமமாக வைத்து எடைபோட வேண்டும் என்றது. அப்போதும் நிலம் கைக்கு வரவில்லை. மறுவிசாரணை என்றுதான் சொன்னார்கள். அதே மாகாணத்தின் சில்கோட்டின் மக்களுக்கு 2014இல்தான் அந்த நாட்டில் முதன்முதலாக நீதிமன்றமே பழங்குடி நில உரிமையை அறிவித்தது.

அந்நிய நாட்டு நீதி நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். நம் நாட்டு வன உரிமைச் சட்டம், 2006 இருக்கிறது. அதன் விதிகள் எவையெல்லாம் சாட்சியம் என்று சொல்லியிருப்பதைப் படித்தால் மனம் நிறையும். குடிசை, கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், மனுதாரர் அல்லாத பெரியவர்களின் வாக்குமூலம் எல்லாம் சாட்சியம். இன்ன வகை ஆவணம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கக் கூடாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் வனநிலத்துக்கு மட்டும். செஞ்சிப் பக்கத்து மலைக்காட்டில் ஒரு பாட்டியின் சொல் சட்டப்படி சாட்சியம். அதே பாட்டி மலையிறங்கி முகையூர் ஏரிக்கரைக்கு வந்துவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பில்லை. இதில் என்ன தர்க்கம் இருக்கிறது என்று எனக்கு யாராவது விளக்கட்டும்.

இருளர் குடியிருப்பில் வேப்பமரத்தடியில் ஏழு கல் நட்டிருப்பார்கள். கன்னிமார். எனக்குக் கன்னிமார் மேல் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தக் கற்கள் எத்தனை தலைமுறை மஞ்சள் பூசப்பட்டவை என்பதை அறிவியல் கண்ணோடு பார்க்கத் தெரிந்தவர் அவற்றைச் சாட்சியமாக எடுத்துக்கொள்வார்.

காகிதம் இல்லாததுதான் இருளரின் சிக்கல் என்று இன்னும் நினைப்பவர்களுக்காக, காகிதம் இருந்தவர்களின் கதை. செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலைபற்றி அறிக்கை கொடுத்தார். அதையொட்டி 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கப்படும். பத்தாண்டுக்கு விற்கக் கூடாது. அதன் பிறகும் தங்களுக்குள்தான் கைமாற்றலாம். பஞ்சமி நிலம், டி.சி. நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது தலித் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு. அரசாணை உண்டு, பதிவேடு உண்டு, நிபந்தனை எழுத்தில் உண்டு. என்ன ஆனது? கடனுக்கும் மிரட்டலுக்கும் கைநாட்டு வாங்கி நிலம் சாதி இந்துக்களுக்குப் போனது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். என்ற நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில் பதிவேடுகளைப் புதிதாக எழுதியபோது எத்தனையோ ஊர்களில் டி.சி. என்ற குறிப்பு காணாமல் போய், அனுபவத்தில் இருந்தவர் பெயர் பட்டாவில் ஏறியது. காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருளரிடம் காகிதம் இல்லை. ஆகவே நிலம் இல்லை. பறையரிடம் காகிதம் இருந்தது. அப்போதும் நிலம் இல்லை. பஞ்சமி நிலத்தில் அனுபவம் பெரிதாகி ஆவணம் தோற்றது. ஏரிக்கரையில் ஆவணம் பெரிதாகி அனுபவம் தோற்றது. விதி இடத்துக்கு இடம் மாறுகிறது, தோற்கிறவர் மட்டும் மாறவில்லை. ஒரு சோதனையில் எந்த முறையைப் போட்டாலும் ஒரே விடை வருகிறது என்றால், விடையை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கிறார்கள் என்றுதான் பகுத்தறிவு முடிவுக்கு வரும். ஆதாரம் என்ற சொல்லை இங்கே சாதிதான் பேசிக்கொண்டிருக்கிறது.

ஏரியைக் காப்பாற்ற வேண்டாமா என்ற கேள்வி வரும். வேண்டும். 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் மாநிலம் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ஏரி வறண்டால் முதலில் பட்டினி கிடப்பவர் நத்தையும் மீனும் பிடிக்கிற இருளர்தான். ஆனால் ஏரி கெட்டது கரைமேல் நாலு தார்ப்பாய் வீடு இருந்ததாலா? வரத்துக் கால்வாயை அடைத்து மனை போட்டதாலும், ஏரிக்குள் கட்டடம் எழும்பியதாலும், சவுடு மண்ணை லாரி லாரியாக அள்ளியதாலும். விழுப்புரம் மாவட்டம் 1993இல் உருவானபிறகு எத்தனை அரசு அலுவலகங்கள், பேருந்து நிலையங்கள் நீர்நிலையில் எழுந்தன என்று மாவட்டத்துக்காரர்களுக்கே தெரியும். அவற்றுக்கு வகைமாற்ற உத்தரவு வந்தது. பொக்லைன் வருவது காலனிக்கு அப்பால் இருக்கும் வீட்டுக்குத்தான். கரையிலிருந்து ஒருவர் நகர்ந்துதான் ஆகவேண்டும் என்றால், நகர்வதற்கு முன் அவர் கையில் வேறு இடத்துப் பட்டா இருக்க வேண்டும். அதுவும் கூலிக்குப் போகவும் பிள்ளை பள்ளிக்குப் போகவும் தோதான இடமாக. அதைச் சலுகையாகக் கொடுக்கக் கூடாது. அவருடைய நிலத்தை எடுத்துக்கொண்டதற்கு மாற்றாகக் கொடுக்க வேண்டும்.

2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்கு ஒன்றிய அரசு பத்மஸ்ரீ கொடுத்தது. பாம்பு பற்றிய அவர்களுடைய அறிவுக்கு. நாடு முழுவதும் உயிர்காக்கும் பாம்புக்கடி மருந்துக்கு இருளர் எடுத்துக்கொடுக்கும் விஷம் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பாம்பு எந்தப் புற்றில் இருக்கிறது என்று இருளர் சொன்னால் அரசு நம்புகிறது. அந்தப் புற்றுக்குப் பக்கத்தில்தான் எங்கள் பாட்டன் குடிசை இருந்தது என்று அதே வாய் சொன்னால் ரெக்கார்டு கேட்கிறது.

வரும் மே, ஜூனில் பசலி முடிவதற்குள் ஜமாபந்தி நடக்கும். கண்டாச்சிபுரத்திலும் நடக்கும், திண்டிவனத்திலும் நடக்கும். கிராமக் கணக்கு எல்லாம் மேசைமேல் விரித்திருக்கிற நாட்கள் அவை. பகுத்தறிவாளர்கள் என்று சொல்லிக்கொள்கிற நாம் அன்று அங்கே இருக்க வேண்டும். ஓர் இருளர் குடும்பம் மனுவை நீட்டும்போது அதோடு சேர்த்து இன்னொரு மனுவையும் நீட்ட வேண்டும். இந்தச் சர்வே எண் அரசுக்கு எந்த ஆண்டில், யாரிடமிருந்து, என்ன விலைக்கு வந்தது? எடுத்தபோது அங்கே குடியிருந்தவர் யார் என்று விசாரித்த கோப்பு எங்கே? நிரூபிக்கும் பொறுப்பு எடுத்தவரைச் சார்ந்தது. அந்தக் கோப்பைக் காட்ட முடியாதவரை, பெரியவர்களின் வாக்குமூலத்தையும் பி-மெமோவையும் கன்னிமார் கல்லையும் சாட்சியமாக எழுதிக்கொண்டு பட்டா கொடுக்கச் சொல்லி உட்கார வேண்டும். பதிலை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.